பக்கத்துக் கப்பலின் அழுக்குச் சட்டைகள்

தீ வைத்தது யார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். இந்த வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே இளம் வக்கீல்களான உங்களில் யாராவது ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நெஜமா யாரு மேடம் வச்சது?" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். எனக்குத் தெரியாது. வழக்கு நடந்தபோதும் தெரியாது, கறுப்பு கோட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்ட இன்றும் தெரியாது. அது தெரியாமலேயே ஒரு வழக்கை ஒழுங்காக நடத்தலாம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களில் சிலர் இப்போது சீருடைக்காரர்களின் வழக்குகளை எடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் பழகிய கையோடு கோர்ட் மார்ஷல் என்கிற படை நீதிமன்றத்துக்குள் போனால் முழிப்பீர்கள். அங்கே வாய்தா வாங்கிக்கொண்டு காலம் தள்ள முடியாது. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரும் படை அதிகாரிகள், வக்கீல்கள் அல்ல. பக்கத்தில் ஒரு சட்ட அதிகாரி இருப்பார். அவர் சட்டம் இன்னது என்று எடுத்துச் சொல்வார், அவ்வளவுதான். இவன் செய்தானா இல்லையா என்று முடிவு செய்வது அந்த ஐந்து பேர். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கப்பல் அவர்களுக்கு வீடு மாதிரி. தன் வீடு எரிந்தவனிடம் நியாயம் கேட்கப் போகிறீர்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

எந்தப் படை, எந்தக் கப்பல், எந்த வருஷம் என்று சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஊரை மட்டும் மாற்றவில்லை. இது எங்கள் வட சென்னைப் பக்கத்து ஆட்கள் இல்லாமல் நடந்திருக்கக்கூடிய வழக்கு இல்லை.

கல்மண்டபத்தில் ஒரு வலைக்கடைக்கு மேலே என் ஆபீஸ் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு நாள் காலை, மீன் வியாபாரத்தை முடித்துவிட்டு, கூடையைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, தனம் என்ற பெண்மணி மாடியேறி வந்தார். திருவொற்றியூர் பக்கத்து குப்பம். புருஷனுக்கு ஃபைபர் படகு இருக்கிறது. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"வக்கீலம்மா, என் தம்பிய உள்ள வச்சிகிறாங்கோ. கப்பலுக்கு நெருப்பு வச்சிட்டானாம். அவன் அடுப்பே பத்த வக்கத் தெரியாதவன். எங்கூட்டுல நாந்தான் வெந்நி போட்டுக் குடுக்கணும்."

தம்பியின் பெயர் தேசிங்கு. கப்பலில் சாதாரண மாலுமி. அந்தக் குப்பத்திலிருந்து முதன்முதலில் சீருடை போட்டவன் அவன்தான். குற்றம் நிரூபணமானால் வருஷக்கணக்கில் சிறை, வேலை போகும், அத்தோடு சொந்தக் கப்பலையே கொளுத்தினவன் என்ற பெயர் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். தனம் என்னிடம் கடைசியாகச் சொன்னதுதான் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. "எல்லாம் என் பொண்ணு சடங்கால வந்த வென."

நடந்தது இதுதான். ரிப்பேருக்காக எங்கள் துறைமுகத்தில் கட்டியிருந்த கப்பல் அது. தனத்தின் மகள் பெரியவளாகி, மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் தேசிங்குதான் சீர் வரிசையோடு முன்னால் நிற்க வேண்டும். லீவு கேட்டான். கப்பல் கிளம்பப்போகிறது என்று மறுத்துவிட்டார்கள். சாப்பாட்டு மெஸ்ஸுக்கு வந்து தட்டைத் தள்ளிவிட்டு, "இந்தக் கப்பலே எரிஞ்சி சாம்பலா போவட்டும்" என்று கத்தினான். மெஸ் முழுக்கக் கேட்டது.

அடுத்த நாள் காலை அவனும் இன்னும் சிலரும் துருவைச் சுரண்டி பெயிண்ட் அடித்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் கீழ்த்தள ஸ்டோரிலிருந்து புகை வந்தது. கயிறு, லைஃப் ஜாக்கெட், கை துடைக்கிற பனியன் வேஸ்ட் மூட்டை எல்லாம் கிடந்த அறை. அறை முழுக்க எரிந்து, மேல் தளமும் வெந்துபோனது. அணைக்கப் போன ஒருவருக்குக் கை பொசுங்கியது. கப்பல் கிளம்ப முடியவில்லை.

விசாரணையில் முதல் கேள்வி, யார் கோபமாக இருந்தார்கள் என்பது. எல்லாரும் தேசிங்கின் பெயரைச் சொன்னார்கள். அவன் சட்டையைக் கழற்றி லேபுக்கு அனுப்பினார்கள். மண்ணெண்ணெய் இருக்கிறது என்று அறிக்கை வந்தது. எரிந்த ஸ்டோரின் சாம்பலிலும் மண்ணெண்ணெய். வேலை முடிந்ததும் அவன் அந்த ஸ்டோரிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்த ஆளும் இருந்தார். போதாக்குறைக்கு, "மண்ணெண்ணெயை நான் தொடவே இல்லை, சோப்பில்தான் கை கழுவினேன்" என்று அவன் முன்பே எழுதிக் கொடுத்திருந்தான். லேப் அறிக்கை வந்ததும் அது பச்சைப் பொய் என்றாகிவிட்டது.

அவனைக் காவலில் போய்ப் பார்த்தேன். முதுகு வளையாமல் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "எஸ் மேடம்" என்றான். இது ஒரு வியாதி. சீருடைக்காரர்கள் நாம் சொல்வது புரியாவிட்டாலும் எஸ் மேடம் என்பார்கள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"எனாமல் பெயிண்ட் சோப்புல போச்சா?"

"போச்சி மேடம்."

"எங்கப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவரு. பெயிண்ட் கையோட வந்தா எங்கம்மா கிருஷ்ணாயில் ஊத்தாம சோத்துல கைய வைக்க விடமாட்டாங்க. ராயபுரத்துல பொறந்தவகிட்ட வந்து சோப்புன்றியா?"

கிருஷ்ணாயில் என்றால் எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் முதுகு முதல் தடவையாக வளைந்தது.

"பெயிண்ட கழுவ ஸ்டோர்ல குடுக்கிற தின்னர் தோல உரிச்சிடும் மேடம். மச்சான் போட் இன்ஜினுக்கு வாங்குற கிருஷ்ணாயில்ல ஒரு பாட்டில் எடுத்தாந்தேன். கப்பலுக்குள்ள கொண்டாரக் கூடாது, தெரியும். அல்லாரும் அதுலதான் கழுவுனோம். வேஸ்ட்ல தொடச்சி மூட்டையில போட்டோம். மூட்டைய ஸ்டோர்ல வச்சிட்டு வந்தேன்."

"அல்லாரும்னா யாரு யாரு?"

"அத்த மட்டும் கேக்காதீங்க மேடம். கோர்ட்லயும் கேக்கக் கூடாது. ஒரே மெஸ்ல துன்றவங்கோ. மாட்டுனா அவங்க ப்ரமோஷனும் பூடும்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பாட்டில் கொண்டுவந்தது சின்னக் குற்றம். அதையும் கூட்டாளிகளையும் மறைக்கப் போய், பெரிய குற்றத்துக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இது கப்பலில் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் செய்கிற தப்பு. நீங்களும் நானும் அந்த இடத்தில் முதல் நாளே எல்லார் பெயரையும் ஒப்பித்திருப்போம். நான் அவனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கறாராகச் சொன்னேன். சத்தியம் செய்துவிட்டு சோப்பு என்று சொல்வதாக இருந்தால் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள். பாட்டிலை ஒப்புக்கொள். மற்றவர்களின் பெயரை நீ சொல்லவும் வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன்.

என் சீனியரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், இருந்தபோதே விளம்பரம் பிடிக்காதவர். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாட்சியங்களைப் படிக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் வரும் இடத்திலெல்லாம் தன் மச்சானின் பெயரைப் போட்டுச் சத்தமாகப் படிப்பார். மச்சானுக்கும் அவருக்கும் ஆகாது என்பதால் ரசித்துப் படிப்பார். நடுவில் எங்கேயாவது கதை நொண்டினால், அதாவது மச்சானுக்குப் பொருந்தாமல் இந்த ஒரு ஆளுக்கு மட்டுமே பொருந்துகிற இடம் வந்தால், அங்கே பென்சிலால் கோடு போடுவார். "இது ஒண்ணுதாம்மா சாட்சி. மத்ததெல்லாம் யாருக்கு வேணா தச்ச சட்டை" என்பார்.

அன்று அந்தக் காகிதங்களை என் தம்பி பெயரைப் போட்டுப் படித்தேன். பெயிண்ட் அடித்தான், கையில் மண்ணெண்ணெய் வாசனை, ஸ்டோருக்குப் போய்விட்டு வந்தான். அந்த வேலையில் இருந்த எவன் பெயரைப் போட்டாலும் கதை தடங்கலில்லாமல் ஓடியது. சந்தேகப்பட்டதால் இவன் சட்டையை மட்டும் எடுத்தார்கள். சட்டையில் வாசனை வந்ததால் சந்தேகப்பட்டது சரி என்றார்கள். மற்றவர்களின் சட்டைகளை யாரும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவை அன்றே வெளுப்புக்குப் போய்விட்டன. தேசிங்குக்கு மட்டுமே சொந்தமானது அந்த வசவு ஒன்றுதான்.

விசாரணைக்கு முன்னால் தனம் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"ஆளு கெடச்சிட்டான் வக்கீலம்மா. மாரின்னு ஒருத்தன், வியாசர்பாடிக்காரன். அவனும் அந்த வேலையிலதான் இருந்திருக்கான். அன்னிக்கு அவன் மேலயும் கிருஷ்ணாயில் நாத்தமாம். எந்தம்பிக்கு அப்பால அவந்தான் அந்த ரூமுக்குப் போனானாம். லீவு குடுக்காத அந்த ஆபீசர் அவனையும் திட்டிகிறாரு. நாத்தம், ரூமு, கோவம், மூணும் கீது. அவன் பேர சொல்லு, எந்தம்பி வெளிய வந்துருவான்."

துறைமுகத்தில் இன்னொரு மாலுமியின் வீட்டுப் பெண் சொன்னதாம். பொய் என்றும் தோன்றவில்லை. அவர் போன பிறகு, காகிதங்களை மாரியின் பெயரைப் போட்டுப் படித்தேன். அழகாக ஓடியது. தேசிங்கைவிட ஒரு படி நன்றாகவே ஓடியது, கடைசியாக ஸ்டோருக்குப் போனவன் அவன் என்பதால்.

இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. "கட்சிக்காரரைக் காப்பாற்ற எது கிடைத்தாலும் எடுத்து வீசவேண்டியதுதானே" என்று உங்களில் ஒருவர், யார் என்று அவருக்கே தெரியும், என்னிடம் வாதாடினார். கட்சிக்காரனே வேண்டாம் என்று சொல்லியிருந்தான், அது ஒரு காரணம். அவன் சொல்லாமல் இருந்தாலும் நான் செய்திருக்கமாட்டேன். மாரி மேல் அடித்த வாசனை அவனைக் குற்றவாளியாக்கும் என்று நானே அந்த ஐந்து பேரிடம் சொன்னால், தேசிங்கு மேல் அடித்த வாசனையை என்ன செய்வது? வாசனை சாட்சியே இல்லை என்று சொல்லத்தானே நான் போகிறேன். அதைவிட முக்கியம், மாரி வைத்தான் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒருவனை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எப்படிச் சாப்பிடுவது?

கோர்ட் துறைமுகத்துக்குள் ஒரு ஆபீஸ் கட்டடத்தின் மாடியில் நடந்தது. தேசிங்கை, அங்கத்து வழக்கப்படி, தொப்பியில்லாமல் அழைத்து வந்து நிறுத்தினார்கள். தொப்பி இல்லாத சீருடைக்காரனைப் பார்க்கவே பாவமாக இருக்கும். தனம் பின்வரிசையில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, கூட வந்த புருஷனின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அரசுத் தரப்பில் ஒரு இளம் அதிகாரி. ஐந்து பேருக்கும் தலைமை அதிகாரி தலை நரைத்தவர். சிரிப்பே வராத முகம்.

அந்த வசவைக் கேட்டதாகச் சாட்சி சொல்ல வந்தது யார் தெரியுமா? மாரி. ஒல்லியான பையன், மூக்கு கொஞ்சம் கோணல், ஊரில் பாக்சிங் ஆடியதால் வந்தது. வரச் சொன்னார்கள், வந்தான். கேட்டார்கள், கேட்டதைச் சொன்னான். தேசிங்கைப் பார்க்காமல் சொன்னான். நான் எழுந்தேன்.

"நீங்க கடைசியா எதையாவது எரிஞ்சி போவட்டும்னு சொன்னது எப்போ?"

யோசித்தான். "நேத்து மேடம்."

"எதை?"

"பஸ்ஸ. நிறுத்தாம பூட்டான்."

"பஸ் எரிஞ்சிதா?"

"இல்ல மேடம். இன்னிக்கும் அதுலதான் வந்தேன்."

பின்வரிசையில் சிரித்தார்கள். கோர்ட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் ஐந்து அதிகாரிகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். தலைமை அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்தார்.

அடுத்த கேள்வி என் நாக்கில் இருந்தது. "நீயும் மண்ணெண்ணெயில்தான் கை கழுவினாயா? நீயும் ஸ்டோருக்குப் போனாயா?" தனம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது என் கண் ஓரத்தில் தெரிந்தது. தேசிங்கும் என்னையே பார்த்தான். கேட்டிருந்தால் அந்தப் பையன் பயத்தில் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான். அந்த இல்லை பதிவாகியிருக்கும். பிறகு மற்றவர்களும் இல்லை என்பார்கள். மண்ணெண்ணெய் தேசிங்கு ஒருவனுடையது என்று நானே முத்திரை குத்திக் கொடுத்ததாகியிருக்கும். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் தனம் துறைமுக கேட் எதிரில் லாரிகளுக்கு நடுவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எதிர்ல வந்து நின்னான். ஒரு வார்த்த கேக்கல நீ. என் தம்பியக் காப்பாத்த வந்தியா, அவனக் காப்பாத்த வந்தியா?"

"ரெண்டு பேரையும்தான் தனம்."

"எனக்கு ரெண்டு பேரு வாணாம். ஒருத்தன் போதும். அவன் உள்ள போனா எனக்கின்னா? என் வூட்டுக்காரு வேற வக்கீல பாக்கலாம்னு சொல்றாரு."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பேன். என் மேல் எனக்கே கோபமாக வந்தது. என் மனசாட்சிக்காக இன்னொருத்தியின் தம்பியைப் பணயம் வைக்கிறேனோ என்ற பயமும் கூடவே இருந்தது. "இன்னும் ஒரு நாள் பொறு" என்று மட்டும் சொன்னேன். தேசிங்கு என்னை மாற்றச் சம்மதிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் தேசிங்கு சாட்சிக் கூண்டில் ஏறினான். பாட்டிலைக் கொண்டுவந்ததை ஒப்புக்கொண்டான். முன்பு பொய் எழுதிக் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டான். இளம் அதிகாரி எழுந்து, அவர் இடத்தில் யாராக இருந்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். அந்தப் பாட்டிலிலிருந்து வேறு யார் கை கழுவினார்கள்?

தேசிங்கு பேசவில்லை.

திரும்பவும் கேட்டார். பேசவில்லை. தலைமை அதிகாரியே கேட்டார். "மன்னிக்கணும் சார்" என்றான், அவ்வளவுதான். வேறு யாரும் கழுவவில்லை, அதனால்தான் வாயடைத்து நிற்கிறான் என்று ஐந்து பேரும் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. பின்வரிசையில் தனம் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் நான் எழுந்து என் மனுவைச் சொன்னேன். இந்தக் கப்பலில் வேறு யாருடைய சட்டையும் எடுக்கப்படவில்லை, இனி எடுத்துப் பயனும் இல்லை. பக்கத்தில் வேறொரு கப்பல் நிற்கிறது. அந்தக் கப்பலிலும் பெயிண்ட் வேலை நடக்கிறது. அங்கிருந்து வெளுப்புக்குப் போகிற மூட்டையில், முன்கூட்டி யாருக்கும் சொல்லாமல், சில வேலைச் சட்டைகளை எடுங்கள். நான் எடுக்க வேண்டாம், அரசுத் தரப்பு அதிகாரியே எடுக்கட்டும். பெயர்ப் பட்டிகளை வெட்டிவிட்டு அதே லேபுக்கு அனுப்புங்கள். அந்தச் சட்டைகள் சுத்தமாக இருந்தால், என் கட்சிக்காரரின் சட்டை பேசுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இது சூதாட்டமில்லையா என்று கேட்பீர்கள். இல்லை என்று சொல்லமாட்டேன். கோர்ட்டுக்குப் போவதற்கு முன் தேசிங்கிடம் கேட்டேன், அவன் சம்மதித்தான். எங்கள் பக்கத்தில் பெயிண்ட் தொட்ட கைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கப்பலுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை என்று இளம் அதிகாரி ஆட்சேபித்தார். சம்பந்தமில்லாததால்தான் கேட்கிறேன் என்றேன். ஐந்து பேரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். தலைமை அதிகாரி அனுமதித்தார். ஒரு நிபந்தனை அவரே சேர்த்தார், அந்தச் சட்டைகளை வைத்து அந்தக் கப்பலில் யார் மேலும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. அந்தச் சிரிக்காத முகத்தின் மேல் எனக்கு அன்று மரியாதை வந்தது.

லேப் அறிக்கை வந்ததும் இளம் அதிகாரி அதைத் தானே வாசித்தார். ஒரு வார்த்தையை விழுங்கவில்லை, ஒரு வார்த்தையை இழுக்கவில்லை. ஒரு சட்டையைத் தவிர எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய். மிச்சமிருந்த ஒன்றில் மஞ்சள் பொடியும் எண்ணெயும். சமையல்காரருடைய சட்டை, மூட்டையில் கலந்து வந்துவிட்டது. வாசித்து முடித்து, "சட்டையைப் பற்றிய வாதத்தை அரசுத் தரப்பு வலியுறுத்தவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிற வயசில் அதைச் செய்வது லேசு இல்லை. நீங்கள் அரசுத் தரப்பில் நிற்க நேர்ந்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்ட அதிகாரி தன் தொகுப்புரையில் இரண்டு விஷயம் சொன்னார். பாட்டிலைப் பற்றிப் பொய் சொன்னது, பாட்டிலை மறைத்ததற்குத்தான் சாட்சி, தீ வைத்ததற்கு இல்லை. ஸ்டோரில் மண்ணெண்ணெய் தோய்ந்த மூட்டை ஏற்கெனவே கிடந்ததால் சாம்பலில் மண்ணெண்ணெய் இருந்ததும் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. அந்த மூட்டை தானே பற்றியதா, ஒயர் கோளாறா, யாராவது பீடித் துண்டைப் போட்டார்களா, தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைக்கும் தைரியம் அந்த ஐந்து பேருக்கு இருந்தது.

தீ வைத்த குற்றச்சாட்டில் தேசிங்கு குற்றவாளி இல்லை. தடை செய்த பொருளைக் கப்பலுக்குள் கொண்டுவந்ததற்கு மட்டும் தண்டனை, பதவி உயர்வு தள்ளிப்போனது. காவலுக்கு நின்றவர் தொப்பியைக் கொடுத்தார். அவன் அதை இரண்டு தடவை எடுத்து வைத்த பிறகுதான் நேராக உட்கார்ந்தது.

தனம் என்னிடம் நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "சடங்குக்கு வந்துடு வக்கீலம்மா. அவன் வரட்டும்னுதான் நிறுத்தி வச்சிகிறேன்" என்றார். மாரி விஷயத்தில் அவருக்கு என் மேல் இருந்த கோபம் தீரவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

போனேன். குப்பத்துத் தெருவை அடைத்துப் பந்தல், காது கிழிகிற ஸ்பீக்கர். தேசிங்கு பட்டு வேட்டி கட்டி, சீர் தட்டுகளுக்கு முன்னால் நடந்து வந்தான். பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே வந்தது மாரி. தனம் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி கூட்டி வந்த ஆள், நல்ல நாள், அதனால் சும்மா இருந்தார். தேசிங்குக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. அக்கா யார் பெயரைச் சொல்லச் சொன்னார் என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை.

பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் மாரி உட்கார்ந்தான். தனம் பிரியாணிக் குண்டானோடு வந்தார். அவன் இலைக்குக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாடா வாசன?"

மாரி கையை மடிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "காலீல பெயிண்ட் வேலக்கா. கிருஷ்ணாயில்ல கழுவிட்டு நேரா வந்தேன். சோப்பு போட்டேன், போவல."

தனம் கரண்டியைக் குண்டானிலேயே போட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். வீட்டுக்குள் போய் சோப்பும் ஒரு சொம்பு தண்ணீரும் எடுத்து வந்தார். பந்தி நடுவில், எல்லாரும் பார்க்க, அவன் கையை இழுத்து வெளியே நீட்டித் தண்ணீர் ஊற்றினார்.

"தேய்டா. நல்லா தேய்."

அவன் தேய்த்தான். தனம் என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்த வாசனைக்கா வக்கீலம்மா, இந்தப் புள்ளைய உள்ள போடச் சொன்னேன் உன்ன?"

மாரிக்கு ஒன்றும் புரியவில்லை, என்னக்கா என்று கேட்டான். அவர் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றினார். குனிந்து அவன் கையை முகர்ந்து பார்த்தார். அப்போதும் வாசனை போகவில்லை. பரவாயில்லை சாப்பிடு என்று சொல்லிவிட்டு, அவன் இலையில் இரண்டு கரண்டி அதிகமாகவே வைத்தார்.